பூட்டிய லேபுக்குள் ஓடும் வேலை: காண்டர் கட்டளைகள், ஓர் அறிமுகம்

(மூன்றாம் ஆண்டு, கம்ப்யூட்டர் பிரிவு)



ஒரு சின்னக் கணக்கில் ஆரம்பிக்கலாம். ஒரு லேபில் முப்பது கம்ப்யூட்டர் இருக்கிறது. காலை ஒன்பதுக்குத் திறந்து மாலை ஐந்துக்குப் பூட்டுகிறார்கள். அப்படியானால் ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் அந்த முப்பதும் சும்மா கிடக்கின்றன. 30ஐ 16ஆல் பெருக்கினால் 480 மெஷின்-மணி. ஞாயிற்றுக்கிழமை என்றால் 720. பகலில் மட்டும் என்ன வாழ்கிறது? நாம் சி புரோகிராம் டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது பிராசஸர் முக்கால்வாசி நேரம் அடுத்த எழுத்தை இவன் எப்போது தட்டுவான் என்று காத்துக்கொண்டுதான் இருக்கிறது.

அதே வகுப்பில் லேப்டாப் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். ஃபைனல் இயர் புராஜெக்டில் ஒரு சிமுலேஷனை நூறு தடவை, ஐந்நூறு தடவை வேறு வேறு எண் கொடுத்து ஓட்டிப் பார்க்கவேண்டி வருகிறது. லேப்டாப் வைத்திருப்பவன் அதை ராத்திரி ஓடவிட்டுத் தூங்கிவிடுகிறான். இல்லாதவன் நாலேமுக்காலுக்கு மெஷினை ஆஃப் பண்ணிவிட்டு தேவாரம் பஸ்ஸையோ கூடலூர் பஸ்ஸையோ பிடிக்க ஓடுகிறான். மறுநாள் மறுபடி ஒன்றாம் எண்ணிலிருந்து! ரெண்டு பேருக்கும் மூளை ஒன்றுதான், சிலபஸ் ஒன்றுதான். ராத்திரி யார் கையில் மெஷின் இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

பூட்டிய லேபில் சும்மா கிடக்கும் நேரத்தை எடுத்து இந்த பஸ் பிடிக்கிறவனுக்குக் கொடுக்க ஒரு மென்பொருள் இருக்கிறது. பெயர் ஹெச்.டி.காண்டர். காசு கிடையாது. லினக்ஸிலும் ஓடும், விண்டோஸிலும் ஓடும். அதை நடத்துவதற்குத் தேவையான கட்டளைகளைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம். மவுஸுக்கு இங்கே வேலை இல்லை, எல்லாம் கறுப்புத் திரையில் தட்டுவதுதான்.

முதலில் கொஞ்சம் வரலாறு. அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் மிரான் லிவ்னி என்ற பேராசிரியரும் அவருடைய குழுவும் 1980களில் இதை ஆரம்பித்தார்கள். அப்போது பேராசிரியர்களின் மேஜைகளில் ஒர்க்ஸ்டேஷன்கள் வந்துவிட்டன. அவர்கள் சாப்பிடப் போனால், வகுப்புக்குப் போனால், அவை சும்மா இருந்தன. அந்தச் சும்மா இருக்கும் நேரத்தை வேட்டையாடும் காண்டர் என்றே 1988இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார்கள். காண்டர் என்பது அமெரிக்கக் கண்டங்களில் வாழும் பெரிய பிணந்தின்னிக் கழுகு. உண்மையில் அது வேட்டையாடாது, மற்றது விட்டதைத் தின்னும். மென்பொருளின் குணத்துக்கு அந்த இரண்டாவது விஷயம்தான் இன்னும் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். 2012இல் பெயருக்கு முன்னால் ஹெச்.டி. சேர்ந்தது. ஹை த்ரூபுட் என்பதன் சுருக்கம் அது. ஒரு விநாடிக்கு எத்தனை கணக்குப் போடுகிறாய் என்று கேட்பது சூப்பர் கம்ப்யூட்டர்காரர்களின் கேள்வி. ஒரு மாசத்தில், ஒரு வருஷத்தில் மொத்தம் எத்தனை முடித்தாய் என்று கேட்பது காண்டர்காரர்களின் கேள்வி.

இப்படிப்பட்ட கணக்கு யாருக்கு வேண்டும்? தூரத்தில் தேடவேண்டாம், நம் மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. போடி மேற்கு மலையில், பொட்டிப்புரம் அருகே, நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. மலைக்குள் சுமார் இரண்டு கிலோமீட்டர் சுரங்கம், அதற்குள் 50,000 டன் இரும்பில் காந்தமாக்கிய ஓர் உணர்கருவி என்பது திட்டம். போராட்டங்கள் நடந்தன, வழக்குகள் நடந்தன, 2022 பிப்ரவரியில் தமிழக அரசு இந்தத் திட்டம் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தது. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. டீக்கடையில் அதற்கு ரெண்டு பக்கமும் பேச ஆள் இருக்கிறது. நான் சொல்ல வந்தது கணக்கு பற்றி மட்டும்.

அந்தக் கருவி என்னென்ன கண்டுபிடிக்கும் என்று விஞ்ஞானிகள் முன்கூட்டியே எப்படிக் கணித்தார்கள் தெரியுமா? ஆயிரம் வருஷத்தில் எவ்வளவு நியூட்ரினோ மோதல்கள் நடக்குமோ அவ்வளவையும் கம்ப்யூட்டருக்குள்ளேயே உண்டாக்கி, பிறகு அதை ஐந்து வருஷத்துக்கோ பத்து வருஷத்துக்கோ சுருக்கிக்கொண்டார்கள். பத்து வருஷத்துக்கு மட்டும் உண்டாக்கினால் தற்செயல் ஏற்ற இறக்கம் விடையைக் குழப்பிவிடும் என்பதுதான் காரணம். பொட்டிப்புரம் மலைக்குள் ஒரு தகடுகூட வைப்பதற்கு முன்னாலேயே அங்கே ஆயிரம் வருஷம் காகிதத்தில் ஓடி முடிந்துவிட்டது!

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று. ஒரு மோதலின் கணக்குக்கும் அடுத்த மோதலின் கணக்குக்கும் சம்பந்தமே கிடையாது. ஒன்றை இந்த மெஷினிலும் அடுத்ததைப் பக்கத்து மெஷினிலும் ஓட்டலாம், ஒருவரையொருவர் கேட்கவேண்டியதில்லை. தனித்தனித் துண்டாகப் பிரியும் இந்த மாதிரி வேலைக்குத்தான் மெஷின் கூட்டம் சரிப்படும். புனே அயூகா மையத்தில் ஈர்ப்பலை ஆராய்ச்சிக்கு இருக்கும் சாரதி என்ற கணினித் தொகுதியிலும் காண்டர்தான். ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடமும் பழைய வரிசை மென்பொருளை விட்டுவிட்டுக் காண்டருக்கு மாறியது. நம் புராஜெக்டும் அந்த ஜாதிதான், அளவுதான் சின்னது.

இனி உள்ளே எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். இதற்குப் புத்தகத்தில் இருக்கும் படத்தைவிட விடியற்காலைக் கம்பம் நல்ல படம். கம்பம், போடி, உத்தமபாளையம் பக்கம் இருட்டோடு இருட்டாக ஜீப்புகள் ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும். என் அம்மாவும் பல வருஷம் அந்த ஜீப்பில் போனவர். ஆகவே இதை நான் கொஞ்சம் தெரிந்தே சொல்கிறேன். தோட்டத்துப் பக்கமிருந்து ஏஜென்ட்டுக்குத் தகவல் வருகிறது: காய் எடுக்க இருபது பேர் வேணும், பழகின கையா இருக்கணும். ஆள் பக்கமிருந்தும் நிபந்தனை வருகிறது: மருந்தடிக்கிற வேலைன்னா நான் வரல, சாயங்காலம் ஆறுக்குள்ள வீடு திரும்பணும். ரெண்டு பக்க நிபந்தனையும் பொருந்தினால்தான் ஜீப்பில் இடம்.

காண்டரும் அட்சரம் பிசகாமல் இதையே செய்கிறது. ஒவ்வொரு மெஷினும் தன்னைப் பற்றி ஒரு விளம்பரம் எழுதி அனுப்பும்: என்னிடம் நாலு கோர், எட்டு ஜிபி மெமரி, லினக்ஸ், என் கீபோர்டை யாரும் தொடாதபோது மட்டும் வேலை எடுப்பேன். ஒவ்வொரு வேலையும் ஒரு விளம்பரம் அனுப்பும்: எனக்கு ஒரு கோர், இரண்டு ஜிபி வேண்டும். இந்த விளம்பரத்துக்கு கிளாஸ்-ஆட் என்று பெயர், பத்திரிகையில் வரும் வரி விளம்பரத்தை நினைத்து வைத்தது. எல்லா விளம்பரத்தையும் வாங்கி வைத்திருப்பது கலெக்டர் என்ற புரோகிராம் (தேனி கலெக்டர் அல்ல!). பொருத்தம் பார்ப்பது நெகோஷியேட்டர். இரண்டும் ஒரே மெஷினில் இருக்கும், அதைத் தலைமை மெஷின் என்று வைத்துக்கொள்வோம். வேலைகளை வரிசையில் வைத்திருப்பது ஷெட்-டி. வேலை செய்யும் ஒவ்வொரு மெஷினிலும் இருப்பது ஸ்டார்ட்-டி. இவை எல்லாவற்றையும் கிளப்பிவிட்டு, ஒன்று செத்தால் மறுபடி உயிர் கொடுப்பது மாஸ்டர். அது எல்லா மெஷினிலும் இருக்கும். பொருத்தம் முடிந்ததும் ஷெட்-டியும் ஸ்டார்ட்-டியும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். ஜீப் மலை ஏறிய பிறகு ஏஜென்ட் கூடவே தோட்டத்துக்கு வருவதில்லை அல்லவா?

இப்போது கட்டளைகள். எல்லாக் கட்டளைக்கும் முன்னால் காண்டர் என்ற சொல்லும் ஓர் அடிக்கோடும் வரும், எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில். அதனால் பிற்பாதியை மட்டும் இங்கே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதல் கட்டளை ஸ்டேட்டஸ். இதைத் தட்டினால் பூலில் இருக்கும் மெஷின்கள் வரிசையாக வரும்: பெயர், ஆபரேட்டிங் சிஸ்டம், நிலை, செயல், லோடு, மெமரி. இதில் நிலை என்ற பத்தியைத்தான் கண் முதலில் தேடவேண்டும். ஓனர் என்று இருந்தால் மெஷினுக்கு உரியவர் அதில் உட்கார்ந்திருக்கிறார், நமக்குக் கிடையாது. அன்க்ளெய்ம்ட் என்றால் சும்மா இருக்கிறது, யாரும் கேட்கவில்லை. க்ளெய்ம்ட் என்றால் ஒரு வேலைக்குப் போய்விட்டது. கூட ஒரு மைனஸ் போட்டு அவைல் என்று தட்டினால் வேலை எடுக்கத் தயாராக உள்ளவை மட்டும் வரும். மைனஸ் கன்ஸ்ட்ரெயின்ட் என்று போட்டு மெமரி 4096க்கு மேல் என்று நிபந்தனை எழுதினால் நாலு ஜிபிக்கு மேல் இருப்பவை மட்டும் வரும். முப்பது மெஷினுக்கு இது பெரிதாகத் தெரியாது. முந்நூறு ஆனால் இதில்லாமல் முடியாது.

அடுத்து சப்மிட். வேலையைக் கொடுக்கும் கட்டளை இது. முதலில் ஒரு சிறு கோப்பு எழுதவேண்டும். அதன் உள்ளடக்கம் ஏறக்குறைய இப்படி (மெஷினில் ஆங்கிலத்தில் எழுதவும்):

எக்ஸிக்யூட்டபிள் = ஓட்டு.எஸ்ஹெச்
ஆர்க்யூமென்ட்ஸ் = $(பிராசஸ்)
அவுட்புட் = விடை.$(பிராசஸ்)
எரர் = பிழை.$(பிராசஸ்)
லாக் = நடப்பு.லாக்
ரிக்வெஸ்ட்_சிபியூஸ் = 1
ரிக்வெஸ்ட்_மெமரி = 2ஜிபி
ரிக்வெஸ்ட்_டிஸ்க் = 1ஜிபி
க்யூ 600

கடைசி வரியில்தான் சூட்சுமம். க்யூ 600 என்றால் ஒரே வேலையை அறுநூறு பிரதியாக வரிசையில் வை என்று அர்த்தம். பிராசஸ் என்ற இடத்தில் 0 முதல் 599 வரை எண் தானாக நிரம்பும். நம் புரோகிராம் அந்த எண்ணை வாங்கிக்கொண்டு இது எத்தனையாவது துண்டு என்று தெரிந்துகொள்ளும். சப்மிட் பண்ணியதும் ஒரு கிளஸ்டர் எண் கிடைக்கும், 42 என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் 42.0, 42.1 என்று 42.599 வரை வேலைகளின் பெயர். பஸ்ஸுக்குப் போகலாம்.

இந்த மெமரி வரியைப் பலரும் அலட்சியமாக ஒரு பெரிய எண்ணைப் போட்டு நிரப்புவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் கணக்குப் போட்டே காட்டுகிறேன். ஒரு துண்டுக்கு இருபது நிமிஷம். அறுநூறு துண்டு என்றால் 12,000 நிமிஷம், அதாவது 200 மணி. ஒரே கோரில் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால் எட்டு நாள் எட்டு மணி நேரம். முப்பது மெஷின், ஆளுக்கு நாலு கோர் என்றால் 120 வேலை ஒரே நேரத்தில் ஓடும். அறுநூறை ஐந்து சுற்றில் முடித்துவிடலாம், 100 நிமிஷம். ஆனால் தேவையே இல்லாமல் 3 ஜிபி என்று கேட்டுவிட்டால்? எட்டு ஜிபி மெஷினில் மூன்று மூன்றாக இரண்டு வேலைதான் நுழையும். நாலு கோரில் இரண்டு வேலையில்லாமல் நிற்கும். 60 வேலை, பத்து சுற்று, 200 நிமிஷம். நம் நேரம் இரண்டு மடங்கு ஆனது மட்டுமல்ல, பக்கத்துப் பையனுக்குப் போகவேண்டிய கோரையும் நாம் அடைத்துவைத்திருக்கிறோம். 2 ஜிபி என்று கேட்டாலும் நாலும் நுழையும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு என்று கொஞ்சம் போய்விடும். அதனால் முதலில் ஒரே ஒரு துண்டை ஓட்டி, லாக் கோப்பின் கடைசியில் உண்மையில் எவ்வளவு மெமரி எடுத்தது என்று எழுதியிருக்கும், அதைப் பார்த்துவிட்டு அறுநூறுக்குப் போகவேண்டும். குறைத்துக் கேட்பதும் ஆபத்துதான். லினக்ஸ் மெஷினில் அட்மின் அப்படி அமைத்திருந்தால், கேட்டதைவிட அதிகம் தின்னும் வேலையை நிறுத்தி ஹோல்டில் போட்டுவிடும்.

க்யூ என்ற கட்டளை நம் வரிசையைக் காட்டும். முடிந்தது எத்தனை, ஓடுவது எத்தனை, காத்திருப்பது எத்தனை, ஹோல்டில் எத்தனை. காத்திருப்பதற்கு ஐடில் என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம், முறை வரவில்லை என்றுதான் பொருள். ஆனால் மெஷின் சும்மா இருக்கிறது, நம் வேலையும் சும்மா இருக்கிறது, ரெண்டும் சேரவில்லை என்றால் மைனஸ் பெட்டர்-அனலைஸ் என்று போட்டு வேலை எண்ணையும் கொடுக்கவேண்டும். எத்தனை மெஷின் எந்த நிபந்தனையில் கழன்றுபோயின என்று ஒவ்வொரு நிபந்தனையாகச் சொல்லும். 64 ஜிபி கேட்டிருந்தால் பொருந்தும் மெஷின் பூஜ்யம் என்று மூஞ்சியில் அடித்தமாதிரி எழுதிவிடும். ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்வதோடு நிற்காமல் எந்தப் பொருத்தம் இல்லை என்றும் சொல்லும் ஜோசியர் இது. எனக்கு மிகவும் பிடித்த கட்டளை இதுதான். ஹோல்டில் விழுந்தவற்றுக்கு மைனஸ் ஹோல்ட் என்று போட்டால் காரணம் வரும்.

மற்றவை எளிது. ஆர்.எம். என்றால் வேலையை வரிசையிலிருந்து எடுத்துவிடும். 42 என்று மட்டும் கொடுத்தால் அறுநூறும் போய்விடும், 42.7 என்று கொடுத்தால் அந்த ஒன்று மட்டும். ஹோல்ட் நிறுத்திவைக்கும், ரிலீஸ் விடுவிக்கும். பிரையோ என்பது நம்முடைய வேலைகளுக்குள்ளேயே எது முதலில் என்று சொல்ல, அதை ஏற்றிக்கொண்டு அடுத்தவர் வேலையை முந்த முடியாது. ஹிஸ்டரி முடிந்துபோன வேலைகளைக் காட்டும்.

யார் முந்துவது? இங்கேதான் யூசர்பிரையோ வருகிறது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும்.

முல்லைப் பெரியாறு தண்ணீரில் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. வாய்க்காலில் தலைமடைக்காரர், கடைமடைக்காரர் பிரச்சினை நம் வீடுகளில் சொல்லித் தெரியவேண்டியதில்லை. முறை இல்லாவிட்டால் தலைமடையில் இருப்பவர் வயல் ததும்பும், கடைமடையில் நாற்று கருகும். லேபிலும் முதலில் ஓடிவந்து அறுநூறு வேலையைக் கொட்டியவர் தலைமடைக்காரர். அவருடையது முடியும்வரை மற்றவர் காத்திருப்பதா? காண்டர் அப்படி விடுவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வைத்திருக்கிறது. எண் சிறியதாக இருந்தால் உரிமை அதிகம். இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்ளக் கூடாது. ஒன்றும் பயன்படுத்தாதவரின் எண் 0.5. ஒருவர் நாற்பது கோரைத் தொடர்ந்து பயன்படுத்திக்கொண்டே இருந்தால் அவருடைய எண் மெதுவாக ஏறி 40ஐ நெருங்கும். நிறுத்திவிட்டால் ஒரு நாளைக்குப் பாதியாகக் குறையும்: 40, 20, 10, 5, 2.5, 1.25 என்று. ஒரு வாரத்தில் ஏறக்குறைய பழைய நிலை. இந்த ஒரு நாள் என்பது அரை-ஆயுள், அட்மின் மாற்றிக்கொள்ளலாம். திரையில் தெரியும் எண் பெரிதாக இருக்கும், ஏனென்றால் சாதாரணமாக ஒவ்வொருவர் எண்ணையும் 1000 என்ற காரணியால் பெருக்கிக் காட்டும், 0.5 என்பது 500 ஆகத் தெரியும்.

பங்கு பிரிப்பது இந்த எண்ணுக்குத் தலைகீழ் விகிதத்தில். ஒருவர் எண் 10, இன்னொருவர் எண் 20 என்றால் முதலாமவருக்கு இரண்டு பங்கு, இரண்டாமவருக்கு ஒரு பங்கு. ஆகவே மூன்று நாளாக லேபையே வாங்கிவைத்திருந்தவர் 40இல் இருக்கும்போது, வாரத்துக்கு ஒருமுறை வரும் ஒரு மாணவி 0.5 உடன் வந்து பத்து வேலை கொடுத்தால், காலியாகும் இடங்கள் முதலில் அவளுக்குத்தான் போகும். யாரிடமும் கேட்கவேண்டாம், லேப் சாரைத் தனியாகப் பார்க்கவேண்டாம். என் வரையில் காண்டரில் உள்ள மிக நியாயமான விஷயம் இதுதான். ஆனால் ஒரு ஓட்டையும் இருக்கிறது. அட்மின் அந்தக் காரணியை ஆளுக்கு ஆள் மாற்ற முடியும். யூசர்பிரையோவை மைனஸ் ஆல் என்று போட்டுப் பார்த்தால் யாருக்கு என்ன காரணி என்று பத்தியில் தெரியும். யாருக்கு எவ்வளவு என்பதை எல்லோரும் பார்க்கிற மாதிரி வைத்திருக்கும் லேப்தான் நல்ல லேப்.

மெஷின்களைப் பராமரிப்பவர் பக்கத்துக் கட்டளைகள் சில. ஒரு மெஷினுக்கு ரேம் மாற்றவேண்டும் என்றால் பிளக்கைப் பிடுங்கக் கூடாது. ஆஃப் என்ற கட்டளையை மைனஸ் பீஸ்ஃபுல் என்று சேர்த்துக் கொடுத்தால், ஓடும் வேலை முடியும்வரை பொறுத்திருந்து, புதிதாக எதையும் வாங்காமல், பிறகு நிறுத்தும். ஆன் மறுபடி கிளப்பும். அமைப்புக் கோப்பில் ஏதாவது மாற்றினால் ரீகான்ஃபிக் கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் பழைய அமைப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கும். கான்ஃபிக்_வால் என்ற கட்டளைக்கு ஓர் அமைப்பின் பெயரைக் கொடுத்தால் அதன் மதிப்பைச் சொல்லும். மைனஸ் வெர்போஸ் சேர்த்தால் எந்தக் கோப்பில், எந்த வரியில் அது எழுதப்பட்டிருக்கிறது என்றும் சொல்லும். நாலு பேர் கை வைத்த லேபில் இதன் அருமை தெரியும்.

பகலில் லேப் வகுப்பு நடக்கும்போது யாருடைய வேலையோ நம் மெஷினை மெதுவாக்கினால் சண்டை வரும். அதற்கு அமைப்புக் கோப்பில் டெஸ்க்டாப் என்ற தயார் விதியைச் சேர்த்துக்கொள்ளலாம். கீபோர்டைத் தொட்டுப் பதினைந்து நிமிஷம் ஆனால்தான், லோடும் குறைவாக இருந்தால்தான், வெளி வேலைக்கு இடம். ஆள் வந்து உட்கார்ந்தால் வெளி வேலை ஒதுங்கும், போகச் சொன்னால் போகும். போன வேலை வரிசைக்குத் திரும்பி இன்னொரு மெஷினில் ஆரம்பத்திலிருந்து ஓடும். ஆதலால் ஒரு துண்டை எட்டு மணி நேரத்துக்கு எழுதாமல் இருபது நிமிஷம், அரை மணிக்கு எழுதுவது புத்திசாலித்தனம். கரண்ட் போனாலும் இதே கதைதான். வேலை செய்த மெஷின் அணைந்தால் அந்தத் துண்டு மட்டும் வேறிடத்தில் மறுபடி ஓடும், முடிந்த துண்டுகளுக்கு ஒன்றும் ஆகாது. வரிசை வைத்திருக்கும் மெஷினே அணைந்தால்? வரிசை டிஸ்கில் எழுதப்பட்டிருக்கிறது, திரும்ப வந்ததும் அப்படியே இருக்கும். நாற்பது நிமிஷத்துக்குள் திரும்பினால், வேறு மெஷின்களில் ஓடிக்கொண்டிருந்த வேலைகளோடு தொடர்பையும் மறுபடி பிடித்துக்கொள்ளும், சாதாரண அமைப்பில் அவ்வளவு நேரம் காத்திருக்கும். ஆகையால் யு.பி.எஸ். ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதை வரிசை வைத்திருக்கும் மெஷினுக்குக் கொடுங்கள்.

கரண்ட் பில் என்ற ஆட்சேபணை நிச்சயம் வரும், அது நியாயமான ஆட்சேபணையும்கூட. ஒரு மெஷின் 100 வாட் என்று வைத்தால் முப்பது மெஷின் பத்து மணி நேரத்துக்கு 30 யூனிட். வேலை இருக்கும் ராத்திரிக்கு அது தகும், வேலையில்லாத ராத்திரிக்கு வீண். இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். சும்மா இருக்கும் மெஷினைத் தூங்கவைக்க ஒரு விதி எழுதலாம். வரிசையில் வேலை வந்ததும் நெட்வொர்க் வழியாக அதை எழுப்ப ஒரு புரோகிராம் உண்டு. அதன் பெயர் ரூஸ்டர், அதாவது சேவல்!

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. பூலில் சேர்ந்த மெஷின் அடுத்தவர் எழுதிய புரோகிராமை ஓட்டுகிறது, ஆகவே யார் சேரலாம், யார் வேலை கொடுக்கலாம் என்பதில் தளர்வு கூடாது. 2021இல் வந்த 9.0 பதிப்பிலிருந்து நிறுவும்போதே பாதுகாப்பு இறுக்கமாக வருகிறது. மெஷின்கள் ஒன்றையொன்று அடையாளம் காண கடவுச்சொல்லோ டோக்கனோ வேண்டும். அதற்கு முந்திய பதிப்புகளுக்காக எழுதிய குறிப்புகளைப் பார்த்து ஐ.பி. முகவரியை மட்டும் நம்பி எல்லாவற்றையும் திறந்துவைக்கவேண்டாம். லேப் நெட்வொர்க்குக்கு வெளியே இதைக் காட்டவே வேண்டியதில்லை.

பழகிப் பார்க்க முப்பது மெஷின் தேவையில்லை. ஒரே மெஷினில் எல்லாப் பாத்திரத்தையும் தானே நடிக்கும் மினி வடிவம் ஒன்று இருக்கிறது. லினக்ஸ் உள்ள பழைய மெஷின் ஒன்று கிடைத்தால் அதில் போட்டு சப்மிட், க்யூ, ஆர்.எம். மூன்றையும் ஒரு மதியத்தில் பழகிவிடலாம். அது பிடிபட்டதும் லேப் சாரிடம் மூன்று மெஷின் மட்டும் கேளுங்கள், முப்பதும் வேண்டாம். ஒன்று தலைமையும் வரிசையும் பார்க்கட்டும், இரண்டு வேலை செய்யட்டும். ஸ்டேட்டஸ் தட்டும்போது அந்த இரண்டின் பெயரும் வந்தால் பூல் தயார். ஒன்று வரவில்லை என்றால் தலைமை மெஷினின் ஃபயர்வாலில் 9618 என்ற போர்ட் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், கலெக்டர் அந்த எண்ணில்தான் காது வைத்திருக்கும். அது திறந்தும் வரவில்லை என்றால் வராத மெஷினில் உட்கார்ந்து கான்ஃபிக்_வாலிடம் லாக் என்று கேளுங்கள், ஒரு டைரக்டரியின் பெயரைச் சொல்லும். அதற்குள் ஸ்டார்ட்-டியின் லாக் கோப்பு இருக்கும். அதன் கடைசிப் பத்து வரியில் கலெக்டரைத் தேடிப் போய் ஏன் திரும்பி வந்தது என்பது எழுதியிருக்கும்.